மலையேறி வந்த ஆலை

ஆலை வேலைக்காகக் குடும்பம் ஊர் பெயர்வதே தொழிற்காலத்தின் வழக்கம். கோலார் தங்கவயலுக்கும் பிலாய்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அப்படித்தான் பாத்திர பண்டங்களைக் கட்டிக்கொண்டு போயின. கொடைக்கானலில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆலை பெயர்ந்து வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் சிறு தொழில் நகரத்தில் ஓடிக்கொண்டிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையைக் கழற்றி, அதன் பழைய இயந்திரங்களைக் கப்பலேற்றி, 1983-84இல் பழனி மலையின் மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் நிறுவினார்கள். 2001 மார்ச்சில் அது நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆயிரம் பேர் அளவில் அங்கே வேலை பார்த்துச் சென்றிருக்கிறார்கள்.

வேலை தேடிக் குடும்பம் அலைய வேண்டாம், வேலையைக் குடும்பத்தின் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று தொழில் வளர்ச்சி பற்றிப் பேசுவோர் சொல்வது வழக்கம். பிரிவு இல்லை, வாடகை இல்லை, பிள்ளைகளின் பள்ளி மாறுவதில்லை என்னும் அளவில் அது உண்மை. ஆனால் பெயர்ந்து வரும் ஆலை எதையெல்லாம் உடன் கொண்டுவருகிறது, எதைப் புறப்பட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறது என்ற கேள்வி அந்தப் பேச்சில் எழுவதே இல்லை. கொடைக்கானலின் அனுபவத்தில் அந்தக் கேள்விதான் முதன்மையானது.

பழனி மலைக்குப் பெயர்ச்சி புதிதல்ல. பளியரையும் புலையரையும் தவிர்த்தால் மலைமேல் வாழும் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்தவர்களின் வழித்தோன்றல்களே. மேல்மலையில் படிக்கட்டு வயல் அமைத்துப் பயிர் செய்த குன்னுவர், சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டன. பெரியகுளம் பக்கமிருந்து கால்நடையாகவும் டோலியிலும் ஏறினார்கள். அந்த டோலியைத் தூக்கியவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வண்டி ஏறும் பாதை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் உருவானது.

மனிதர்கள் மட்டும் அல்லாமல் ஒரு நிறுவனமும் இதற்கு முன்பே இந்த மலைக்குப் பெயர்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சென்னை வானாய்வகத்தின் பணிகள் மலைமேல் மாற்றப்பட்டு, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901இல் கண்காணிப்பைத் தொடங்கியது. தூசும் புழுக்கமும் இல்லாத காற்றுதான் அதற்குக் காரணம். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். அந்தத் தூய காற்றை நம்பி ஆய்வகம் வந்த மலைக்கு எட்டுப் பத்தாண்டுகள் கழித்துப் பாதரச ஆலை வந்தது.

ஆலை வருவதற்குச் சற்று முன்னர் இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்துவந்த தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் பிரித்தது. முடிவாகாமல் நின்ற 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தம் செய்யும் முன் அந்த மக்களிடம் எவரும் விருப்பம் கேட்டதில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் குடும்பங்கள் வந்தன. கையில் இருந்தது ‘குடும்ப அட்டை’. எந்த ஊரில் என்ன மறுவாழ்வு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும்.

எழுதியது ஒன்றும் கிடைத்தது வேறொன்றுமாக இருந்த குடும்பங்கள் பல. நீலகிரியில் அரசு நிறுவிய தேயிலைத் தோட்டங்களில் இடம் கிடைத்தவர்கள் ஓரளவு நிலைத்தார்கள். சமவெளியில் வியாபாரக் கடன் பெற்றவர்களோ, அறியாத ஊரில் தெரியாத தொழிலில் அந்தப் பணத்தை இழந்தார்கள். நுவரெலியா, ஹட்டன் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திண்டுக்கல், திருச்சி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்த குளிரையும் தெரிந்த உழைப்பையும் தேடி அவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் ஏறினார்கள். அங்கே காத்திருந்தது கூப்பு வேலை. தோல் பதனிடும் தொழிலுக்கு வாட்டில் மரப்பட்டையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்றவற்றுக்குக் கூழ்மரமும் வெட்டித் தரும் வேலை அது. காட்டுக்குள் குடிசை போட்டு, முன்பணம் வாங்கி, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து வெட்டினாலும் முன்பணம் தீராது. 1980களில் அவர்களில் பலர் கொத்தடிமைகளாக இருந்தது வெளிப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். ஊரார் அவர்களை இன்றும் ‘சிலோன்காரர்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

கூப்பு இல்லாத மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு, கேரட், பூண்டுக் காடுகளில் கூலி. ஏப்ரல், மே மாதங்களில் ‘சீசன்’ வருமானம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில்தான் ‘பாண்ட்ஸ் கம்பெனி’ கதவைத் திறந்தது.

அந்த ஆலை சீஸ்பரோ-பாண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1980களின் தொடக்கத்தில் மேலை நாடுகளில் பாதரசத்தைப் பற்றிய அச்சம் கூடிக்கொண்டிருந்தது. மினமாட்டா கடற்கரையில் ஜப்பானிய மீனவக் குடும்பங்களை முடக்கிய நோய் 1956இல் வெளிப்பட்ட பிறகு, பாதரசம் பயன்படுத்தும் தொழில்கள்மீது கண்காணிப்பும் செலவும் ஆண்டுதோறும் ஏறின. வாட்டர்டவுன் ஆலையை மூடி இந்தியாவுக்கு மாற்றியது அந்தச் சூழலில்தான். 1987 அளவில் சீஸ்பரோ-பாண்ட்ஸை யூனிலீவர் உலக அளவில் வாங்கியதால் கொடைக்கானல் ஆலையும் அந்தக் குழுமத்துக்குள் போயிற்று. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. ஊரில் மட்டும் பெயர் மாறவில்லை.

ஆலையின் பாதரசம் இறக்குமதி. கண்ணாடிக் குழாயும் பெரும்பாலும் அப்படியே. செய்து முடித்த வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் வழியே அவை பல மேலை நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் வீடுகளுக்கும் போயின. மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது, பண்டம் வெளியே போகிறது, நடுவில் உள்ள வேலை மட்டும் கொடைக்கானலில். உடைவதும் சிந்துவதும் ஆவியாவதும் அந்த நடுவேலையில்தான் நிகழும். பொருளாதாரக் கணக்கு என்ற ஒன்றை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது திறமையான ஏற்பாடு. அந்த நடுவேலையில் நின்றவர்களின் பக்கம் இருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது.

வெப்பமானி செய்யும் முறை எளியது. ஆபத்தும் அந்த எளிமைக்குள்தான் இருக்கிறது. மயிரிழைத் துளையுள்ள கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை ஊதிக் குமிழாக்குவார்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பாதரசத்தை உள்ளே ஏற்றுவார்கள். பிறகு சூடாக்கி மிகுதியான பாதரசத்தை வெளியேற்றி, முனையை மூடி, வெந்நீர்த் தொட்டிகளில் வைத்து அளவு சரிபார்த்து, கோடும் எண்ணும் இடுவார்கள். ஒரு காய்ச்சல் வெப்பமானிக்குள் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான பாதரசம். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் உடைவு உண்டு. தேறாதவற்றை நொறுக்கிப் பாதரசத்தை மீட்பதும் வேலையின் பகுதி. மீட்டது போகக் கண்ணாடித் தூளோடு ஒட்டி நிற்பது கழிவு.

குளிர்ந்த ஊர் என்பதால் பாதரசம் ஆவியாகாது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அது பாதிதான் சரி. 20 டிகிரி செல்சியஸில் மூடிய அறையில் பாதரசம் திறந்து கிடந்தால் காற்று கொள்ளக்கூடிய ஆவியின் அளவு கனமீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம். 10 டிகிரியில் அது பாதிக்கும் குறையும். ஆனால் தொழிலிடங்களுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் மேல்வரம்பு 0.025 மில்லிகிராம்தான். குளிர் குறைத்த பிறகும் எஞ்சுவது அந்த வரம்பைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. போதாததற்கு, பாதரசத்தைச் சூடாக்காமல் இந்தத் தொழில் நடக்காது; குளிர் ஊரில் சன்னலைச் சாத்தி வைப்பதும் இயல்பு.

பாதரச ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. உள்ளே இழுத்த ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். மூளைக்கும், கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடி கடந்து சிசுவுக்கும் அது போகும். கைநடுக்கம், மறதி, எரிச்சல், தூக்கமின்மை, ஈறு வீக்கம், சிறுநீரகக் கோளாறு என்று அதன் அடையாளங்கள் சிதறிக் கிடக்கும். தனித்தனியே ஒவ்வொன்றும் வேறு எதனாலும் வரக்கூடியது. அதனாலேயே சிறு ஊர் மருத்துவர் அதைப் பாதரச நோய் என்று ஐயுறுவது அரிது. நோயாளியின் வேலை என்ன என்று கேட்காதவரை ஐயுறவே முடியாது.

இந்த மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் பாதரசம் பற்றிய பழைய அறிவு உண்டு. பழனியாண்டவர் சிலையையும், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறைக் குழந்தை வேலப்பர் சிலையையும் சித்தர் போகர் நவபாஷாணத்தால் செய்ததாகத் தொன்மரபு சொல்கிறது. ரசத்தை, அதாவது பாதரசத்தை, சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்பது சித்த மருத்துவம் கற்பவர் முதலில் கேட்கும் விதிகளில் ஒன்று. அந்த மரபில் ரசம் தெய்வத்தன்மையும் நஞ்சும் சேர்ந்த பொருள். தொடும் கைக்குத் தகுதி வேண்டும். ஆலையில் சேர்ந்த இளைஞனுக்கோ அது உருண்டோடும் ஒரு வெள்ளி விளையாட்டுப் பொருளாகத்தான் அறிமுகமாயிற்று. உள்ளங்கையில் வைத்து உருட்டியதை முன்னாள் தொழிலாளர்கள் பலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பெனி வேலை குடும்பத்தில் என்ன மாற்றம் செய்தது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மாதம் பிறந்தால் சம்பளம், வைப்புநிதி, தீபாவளிக்கு போனஸ். கடைக்காரர் நம்பிக் கணக்கு எழுதுவார். பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளை ‘பாண்ட்ஸ்ல இருக்காரு’ என்று பெருமையாகச் சொல்லும் நிலை இருந்தது. பையன் பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்க வேண்டாம்; பெற்றோரைப் பார்த்துக்கொள்ளலாம்; பொங்கலுக்கு ஊர் திரும்பப் பேருந்துக்கு நிற்க வேண்டாம். இவையெல்லாம் கொடைக்கானல் குடும்பங்கள் உண்மையாகவே பெற்றவை. பின்னால் அவர்கள் நீதிமன்றம் ஏறியபோதும் அந்த ஆண்டுகளின் நிறைவை மறுத்துப் பேசவில்லை. தங்களிடம் சொல்லப்படாதது பற்றித்தான் பேசினார்கள்.

சொல்லப்படாதவற்றில் தலையானது வேலை உடுப்பைப் பற்றியது. பாதரசம் துணியின் இழைகளில் மணிமணியாக ஒட்டிக்கொள்ளும். முடியிலும் செருப்பிலும் தங்கும். ஆலையிலேயே குளித்து, வேறு உடை மாற்றி, வேலை உடுப்பை ஆலையே வெளுத்துத் தந்தாலொழிய அது வீட்டுக்கு வரும். உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்ததாக முன்னாள் தொழிலாளர்கள் கூறியிருக்கிறார்கள். துவைத்தவர்கள் தாயும் மனைவியும். கொடைக்கானலின் சிறு வீடுகளில் சமையலும் படுக்கையும் ஓரறையில். குளிருக்குக் கதவு சாத்தியிருக்கும். கம்பளியும் ஸ்வெட்டரும் வெயில் காண்பது எப்போதாவது. ஆவி தங்குவதற்கு இவ்வளவு போதும். கம்பெனி வாசலில் கையெழுத்துப் போடாதவர்களும் இப்படித்தான் கம்பெனியின் நஞ்சுக்குள் வந்தார்கள்.

இது அந்தக் காலத்தில் உலகம் அறியாத செய்தி அல்ல. ஆலை கொடைக்கானலில் காலூன்றிய அதே காலத்தில், 1980களின் நடுவில், நியூயார்க்குக்கு அண்டை மாநிலமான வெர்மான்டில் ஒரு வெப்பமானி ஆலையின் தொழிலாளர் வீடுகளை மருத்துவ ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளின் சிறுநீரில் இருந்த பாதரசம் மற்ற குழந்தைகளைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. குழந்தைகள் ஆலைக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். பெற்றோரின் உடுப்பும் காலணியுமே வழி. 1987இல் அந்த ஆய்வு குழந்தை மருத்துவ இதழில் வெளியாயிற்று. இயந்திரம் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. வெப்பமானி அட்லாண்டிக்கைக் கடந்து போனது. இந்த ஒரு செய்தி மட்டும் ஆலை இருந்த செயின்ட் மேரீஸ் சாலையின் வீடுகளை எட்டவில்லை. கொடைக்கானல் கதையில் மன்னிக்க இயலாத இடம் இதுவே.

தொழிலாளரின் சிறுநீரைச் சோதித்து வந்ததாகவும், வேலையைச் சுழற்சி முறையில் மாற்றியதாகவும், பாதுகாப்பு நடைமுறைகளைக் கடைப்பிடித்ததாகவும் நிறுவனம் சொல்லிவந்திருக்கிறது. சோதனையின் முடிவும் அதன் பொருளும் தங்களுக்கு விளங்கும்படி தரப்படவில்லை என்பது தொழிலாளர் தரப்பு. தன் உடலைப் பற்றிய எண் ஒருவரின் கையில் இல்லாமல் வேறொருவரின் கோப்பில் இருப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது.

குடும்பம் பெயர்ந்து போன கதையோடு இதை ஒப்பிடக் கோலார் தங்கவயல் உதவும். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வடாற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள், பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர், போய்த் தகர லயன்களில் குடியேறினார்கள். நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. பாறைத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் அங்கே வீட்டுச் சொத்து போலத் தந்தைக்குப் பின் மகனுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த வாரத்தில் கொடைக்கானல் விவகாரம் வெடித்தது. ஒரு பத்து நாளுக்குள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் இரண்டு பெரிய நம்பிக்கைகள் முடிவுக்கு வந்தன.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பெயர்ந்து போன குடும்பம் தன்னை வந்தேறி என்று அறிந்திருந்தது. அதனால் சங்கம் வைத்தது. தங்கவயலில் பல போராட்டங்கள் நடந்தன. அம்பேத்கர் இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் அங்கே ஆழமாக வேரோடின. சுரங்கம் மூடியபின் அக்குடும்பங்களின் இளைஞர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் திரும்பும் வாழ்க்கைக்கு மாறினார்கள். கொடைக்கானலிலோ தொழிலாளி சொந்த ஊர்க்காரர். ஊருக்கு வந்த நிறுவனத்தைப் பகைக்கலாகாது என்ற தயக்கம் அங்கே கூடுதல். விருந்தாளியாக வந்த ஆலையை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது அது கிளம்பத் தயாராகிவிட்டது.

மூஞ்சிக்கல் கொடைக்கானலின் நெரிசலான கடைவீதிப் பகுதி. அங்கே ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் சாக்குகளில் கிடந்ததை 2001 மார்ச் 7 அன்று ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் சேர்ந்து வெளிக்கொண்டுவந்தார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம். முதலில் மறுத்த நிறுவனம் பிறகு, தன் சொந்த விதிமுறைக்கு மாறாகக் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டதை ஒப்புக்கொண்டு உற்பத்தியை நிறுத்தியது. ஆலை மீண்டும் திறக்கப்படவில்லை.

ஆலையின் வளாகம் மலையின் முகட்டில், பாம்பாறு சோலைக்கு மேலே இருக்கிறது. அங்கே பெய்யும் மழை சோலை வழியாக இறங்கிப் பாம்பாற்றில் சேர்ந்து, பெரியகுளத்துக்கு அருகில் கும்பக்கரை அருவியாக விழுந்து வைகைப் படுகைக்குப் போகிறது. வளாகத்துக்கு வெளியே சோலை மண்ணிலும் கழிவு கொட்டப்பட்டிருந்தது. காற்றிலும் அது பரவியது. அணுசக்தித் துறையைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றில் பாதரசத்தை அளந்து, தொலைவிலுள்ள பேரிஜம், கூக்கால் ஏரிகளோடு ஒப்பிட்டது. கொடைக்கானல் ஏரியில் அது தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ஆலையில் வேலை பார்த்தவர், பார்க்காதவர் என்ற பிரிவு ஏரி மீனுக்குத் தெரியாது.

2003 மே மாதத்தில், ஆலையிலும் சுற்றுப்புறத்திலும் திரட்டிய சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மீட்பு ஆலைக்குப் போனது. ஏழை நாட்டின் நச்சுக் கழிவு பணக்கார நாட்டுக்குத் திரும்பிச் செல்வது அரிதிலும் அரிது. கொடைக்கானல் மக்களும் தொழிலாளரும் சூழலியலாளரும் சேர்ந்து பெற்ற வெற்றி என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் கப்பலில் ஏற்ற முடிந்தது பீப்பாயில் அடைக்க முடிந்ததை மட்டுமே. சிறுநீரகத்திலும் நரம்பிலும் சேர்ந்ததற்கு ஏற்றுமதி கிடையாது.

அதற்குப் பிறகு நடந்தது காகிதப் போர். முன்னாள் தொழிலாளர் நலச் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் நியமித்த குழுவோ 2011இல் அதற்கு மாறாக, பல தொழிலாளரின் நோய்களுக்கு வேலையிடத்துப் பாதரசமே காரணம் என்று அறிக்கை தந்தது. ஆலை நின்று ஆண்டுகள் கழித்துச் சோதிக்கும்போது இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் குறைந்திருக்கும். கெட்ட உறுப்பு கெட்டபடியே இருக்கும். இன்றைய இரத்தத்தைக் கொண்டு நேற்றைய காற்றை அளக்க முற்படும் ஆய்வு எப்போதும் நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடியும். ஆகவே வேலை நடந்த நாட்களின் பதிவேடுகளுக்கு உள்ள மதிப்பு பின்னாளைய எந்தச் சோதனைக்கும் இல்லை.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்னும் ராப் காணொளி உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. 14 ஆண்டு மனுக்கள் செய்யாததை ஒரு பாட்டு விரைவுபடுத்தியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்களின் குடும்பத்தினருடனும் நிறுவனம் உடன்பாடு கண்டது. மனிதநேய அடிப்படையில் தரும் தொகை என்றே அது குறிப்பிடப்பட்டது. குற்றத்தை ஏற்றுத் தரும் இழப்பீடாக அல்ல. தொகை பகிரங்கமாக்கப்படவில்லை. அதற்குள் எத்தனையோ குடும்பங்களில் அதைப் பெற வேண்டியவர் உயிரோடு இல்லை.

நிலத்தின் கணக்கு இன்னும் நீண்டது. உடன்பாடு கையெழுத்தான 2016இலும் வளாகத்து மண் தூய்மையாக்கப்படவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இலக்கு வைத்தது. வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய, ஆறு பிறக்கும் முகட்டுக்கு இந்த அளவு மிகவும் தளர்வானது என்று போராடியவர்கள் வாதிட்டார்கள். அதே குழுமத்தின் தாய்நாடான பிரிட்டனில் இப்படிப்பட்ட இடத்துக்கு இதைவிடப் பன்மடங்கு கடுமையான அளவு கேட்கப்படும் என்று அவர்கள் சுட்டியதற்கு நேரான பதில் வரவில்லை. மண்ணைத் தோண்டினால் மரங்களும் சோலையின் பிடிமானமும் போகும் என்ற நிறுவனத்தின் கவலை பொய்யல்ல. அந்தக் கவலை ஆலைக்கு இடம் தேர்ந்த 1983இல் எழுந்திருக்க வேண்டியது.

இதற்கிடையில் உலகமே அந்தப் பண்டத்தைக் கைவிட்டது. மினமாட்டா பெயரால் 2013இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2017 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. பாதரச வெப்பமானி உற்பத்தியை 2020க்குள் நிறுத்துவது அதன் விதிகளில் ஒன்று. கொடைக்கானல் உழைப்பு எந்தப் பொருளுக்காகச் செலவானதோ அந்தப் பொருளே இப்போது வழக்கொழிந்துவிட்டது.

ஆலை நின்றபோது தொழிலாளரில் பெரும்பாலோர் நடுவயதை எட்டாதவர்கள். பதினாறு, பதினேழு ஆண்டுகள் குமிழ் ஊதவும் பாதரசம் ஏற்றவும் பழகிய கைக்கு மலையில் வேறு வேலை இல்லை. லாட்ஜ், கார் ஓட்டுதல், தோட்டக் கூலி என்று மீண்டும் சீசன் பிழைப்புக்குத் திரும்பினார்கள். உடல் ஒத்துழைக்காதவர்களின் வீட்டில் பிள்ளைகள் படிப்பை நிறுத்தி, ஆலை வந்ததால் தவிர்க்க முடிந்ததாக நினைத்த அந்தப் பயணத்தை மேற்கொண்டார்கள். வத்தலக்குண்டு பேருந்தில் ஏறிச் சமவெளி ஆலைகளுக்குப் போனார்கள். குடும்பப் பெயர்ச்சி தள்ளிப்போயிற்றே தவிர ஒழியவில்லை.

இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் ஆலைகளைக் கூவி அழைக்கின்றன. அழைப்பதில் தவறில்லை. ஆனால் பழைய இயந்திரங்களோடு இடம் மாறி வரும் எந்த ஆலைக்கும், அது விட்டுவந்த ஊரில் அதன் தொழிலாளருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் செய்யப்பட்ட மருத்துவச் சோதனைகளின் பதிவைத் தமிழில் முன்வைக்காமல் உரிமம் தரலாகாது. மாநில அரசு இதைச் சட்டமாக்க முடியும். கொடைக்கானலைப் பொறுத்தவரை இன்னொன்றும் செய்ய முடியும்: ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்லாமல், அவர்களின் உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் 1984க்கும் 2001க்கும் இடையில் அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கும் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் வாழ்நாள் முழுவதும் சிறுநீரக, நரம்பியல் பரிசோதனை இலவசமாகத் தொடர வேண்டும், முடிவு எழுதிய தாள் அவரவர் கையில் தரப்பட வேண்டும். அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள்.